எரிந்த வீட்டில் முதலில் ஈரத்துணியை ஒளித்து வையுங்கள்

வீட்டில் தீப்பிடித்தால் நெருப்பு தின்பது ஒரு பங்குதான். தப்பிக் கிடப்பதில் பெரும்பகுதியைப் புகைக்கரியும் தண்ணீரும் கெடுக்கின்றன. அதற்கு நம்முடைய அவசரமும் ஒத்தாசை செய்கிறது. போன ஆடியில் எங்கள் தோட்டத்து வீட்டில் தீப்பிடித்தது. சாமான்களைப் பிரித்து, கழுவி, காய வைத்து, சிலதைத் தூக்கிப் போட்டு, ஒரு வழியாக மறுபடி வீட்டுக்குள் குடி போகும்வரை தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் இருக்கிறது தோட்டம். முன்பக்கம் அப்பாரு (தாத்தா) காலத்து ஓட்டு வீடு, பனங்கை என்கிற பனைமரச் சட்டம் போட்டு சீமை ஓடு வேய்ந்தது. பின்னால் வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய, தார்சு (கான்கிரீட் கூரை) போட்ட சமையலறையும் ஒரு ரூமும். பிரிட்ஜுக்குப் பின்னால் போன வயரில் பற்றியிருக்க வேண்டும் என்றார்கள். மத்தியான நேரம், அம்மாவும் அப்பாவும் காட்டுக்குள் இருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற ஆடிக்காற்று எங்கள் பக்கம் எந்த வேகத்தில் அடிக்கும் என்பதற்குத் தாராபுரம் பக்கம் நிற்கிற காற்றாலைகளே சாட்சி. சமையலறையில் பற்றியதை அது பின் ரூமுக்குத் தள்ளி, ஓட்டு வீட்டின் ஒரு மூலையிலும் ஏற்றிவிட்டது. காங்கேயத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து அணைத்தார்கள். ஆளுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சேதி கேட்டு ஒறம்பரை (சொந்தக்காரர்கள்), பங்காளி, அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிட்டது. நம்ம ஊரில் இழவானாலும் தீயானாலும் வந்தவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். ஆளுக்கொரு குடமும் சீமாறும் ஈரத்துணியுமாக இறங்கத் தயாராக இருந்தார்கள். ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர் ஒருவர்தான் தடுத்தார். “ஏனுங்க, இன்னைக்கு யாரும் எதையும் தொடச்சுப்போடாதீங்க. ஈரத்துணி பட்டா கரி உள்ள எறங்கிக்கும், அப்புறம் என்ன பண்ணாலும் வராது.”

எல்லாரும் கேட்டார்கள், எங்கள் அத்தையைத் தவிர. “சித்தெ தொடச்சா என்ன ஆயிரும்?” என்று ஆசாரத்து (முன்கூடத்து) சுவரில் ஒரு முழ நீளத்துக்கு ஈரத்துணி போட்டார். பிற்பாடு சுவர் முழுக்கச் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தபோது அந்த ஒரு முழம்தான் பெயிண்டரை அழ வைத்தது. தீயணைப்புக்காரர் சொன்னது எவ்வளவு சரி என்பதை வேறு யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

கரி என்று நாம் சொல்வது வெறும் தூள் இல்லை. பிளாஸ்டிக், ரப்பர், பெயிண்ட், எண்ணெய், துணி எல்லாம் அரைகுறையாக எரிந்து, அந்தப் புகை குளிர்ந்து படிந்த பொருள் அது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு, அமிலமும் உண்டு. வயர் மேலே இருக்கிற பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கிறவன், பையில் எப்போதும் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். பேப்பர் கிடக்கும். ஒரு துண்டை நனைத்து பிரிட்ஜ் மூலையில் படிந்திருந்த கரியின் மேல் ஒட்டிப் பார்த்தேன், நாலுக்குக் கீழே காட்டியது, ஏழுதான் நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம். முன் திண்ணையில் படிந்திருந்ததோ கிட்டத்தட்ட நடுநிலை. ஒரே வீட்டுக்குள் படிந்த கரியெல்லாம் ஒரே ரகம் இல்லை. மரம், பேப்பர் எரிந்து வந்தது பொடியாக இருக்கும், ஊதினால் பறக்கும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரிந்து வந்தது பிசுபிசுவென்று விரலோடு இழுக்கும். அடுப்பில் பருப்போ கறியோ தீய்ந்து வரும் புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படலமாக ஒட்டிக்கொள்ளும், நாற்றம் மட்டும் நிற்கும். எந்த இடத்தில் எது என்று ஒரு வெள்ளைத் துணியால் ஓரமாகத் தொட்டுப் பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உள்ளே போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில. லைன்மேன் வந்து மீட்டரிலேயே இணைப்பைத் துண்டித்தார். ஆனால் இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் அது மட்டும் போதாது. மெயின் போனாலும் பேட்டரி வீட்டு வயருக்குள் கரண்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும், பேட்டரி வயரையும் கழற்ற வேண்டும். கேஸ் சிலிண்டரை ஏஜென்சிக்காரரிடமே ஒப்படைத்தோம். டியூபும் ரெகுலேட்டரும் பார்க்க நன்றாகவே இருந்தாலும் மறுபடி மாட்டக்கூடாது. மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டை சூட்டில் வெடித்துச் சிதறியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஈரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டு வருகிறேன், இது ஒன்றுக்கு மட்டும் நேர்மாறு. அதன் தூசி நுரையீரலுக்கு எமன், ஆகவே தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு கையால் பொறுக்கி, கெட்டியான கவரில் கட்ட வேண்டும். சீமாறு போட்டுக் கூட்டவே கூடாது.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்குப் பனங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேக்குக்கு வைரம், அதாவது மரத்தின் கெட்டியான பாகம், நடுவில். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே மெத்தென்ற சோறு. மேல்தோல் ஓரங்குலம் கருகியிருந்தால் தேக்குச் சட்டம் தாங்கலாம், பனங்கை தாங்காது. “கருகினதைச் செதுக்கிட்டு எண்ணெய் பூசிப்போட்டா ஆச்சு” என்று சொன்ன பெரியவர்களுக்கு ஆசாரி வந்து உளியால் குத்திக் காட்டிய பிறகுதான் நம்பிக்கை வந்தது. அந்த மூலையில் இருந்த கை எல்லாவற்றையும் மாற்றினோம்.

அப்புறம் மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை ஒன்று ஓரம் மட்டும் கருகிக் கிடந்தது, தண்ணீரும் பட்டிருந்தது. பஞ்சுக்குள் கங்கு மணிக்கணக்கில் புகைச்சல் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி களத்தின் நடுவில், எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் போட்டோம். ராத்திரி அது மறுபடி பற்றிக்கொண்டது. வீட்டுக்குள்ளேயோ வைக்கோல் போர் பக்கமோ கிடந்திருந்தால் கதை வேறு. பீரோவையும் இப்படித்தான், சூடு முழுக்க ஆறும் முன் திறக்கக்கூடாது. உள்ளே வெந்து கிடக்கிற துணிக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் அது பற்றிக்கொள்ளும். கை வைத்தால் குளுமையாக இருக்கிறது என்று ஆனபின் மறுநாள்தான் திறந்தோம்.

எதையும் நகர்த்தும் முன் போனில் வீடியோ எடுத்தேன், ஒவ்வொரு மூலை, ஒவ்வொரு அலமாரி, பிரிட்ஜின் ஸ்டிக்கரில் இருந்த மாடல் நம்பர்வரை. எங்களுக்கு இன்சூரன்ஸ் எதுவும் இல்லை என்றுதான் அப்பா நினைத்திருந்தார். கடன் பத்திரங்களைத் துழாவியபோதுதான் வங்கி கடனோடு சேர்த்து ஒரு வீட்டுக் காப்பீடு போட்டிருந்தது தெரிந்தது. வீட்டுக்கடன் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒருமுறை தங்கள் பைலைத் திறந்து பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும் என்று விதி வந்தது. அதில் கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேரும். நகைக்கு அது பொருந்தாது, அதற்குத் தனியாகப் போட்டிருக்க வேண்டும். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எரிந்த சாமானைக் குப்பைக்கு அனுப்பக்கூடாது. அழுகி நாறுகிற உணவு மாதிரி வைத்திருக்கவே முடியாததை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம். தீயணைப்பு நிலையத்தில் தரும் அறிக்கையின் நகலையும் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்பார்கள்.

களத்தில் தார்ப்பாய்களை விரித்து சாமான்களைப் பிரித்தோம். வீட்டில் எந்த ரூமில் இருந்தது என்று பிரிக்கவில்லை, எது காத்திருக்காது என்று பார்த்துப் பிரித்தோம். நனைந்த பேப்பரும் துணியும் நம்ம சூட்டுக்கு 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும், அதனால் அவை முதலில். அமிலக் கரி பட்ட பாத்திரமும் இரும்பும் அடுத்தது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். காய்ந்த கரி மட்டும் பட்ட துணிமணி, கட்டில், நாற்காலி காத்திருக்கலாம். வந்தவர்களும் இதனால் ஆளுக்கொரு வேலையாக உட்கார்ந்தார்கள், துடைக்க விடவில்லையே என்ற மனக்குறையும் தீர்ந்தது.

பேப்பரில் மூலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம், ஜாதக நோட்டு என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தது. பெட்டி எரியவில்லை, தண்ணீர்தான் புகுந்திருந்தது. அத்தனையையும் ஒரே நாளில் பிரித்துக் காய வைக்க முடியாது, அவசரமாகப் பிரித்தால் கிழியும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வீட்டு பிரீசரைக் கேட்டு வாங்கினோம். ஈரப் பேப்பரைக் கவரில் போட்டு உறைய வைத்துவிட்டால் பூஞ்சணம் வராது, மையும் மேற்கொண்டு ஊறாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, நடுநடுவே அச்சில்லாத வெள்ளைத்தாள் வைத்து, நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்தலாம். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மொறமொறவென்று ஆகிவிடும். எங்கள் மூலப்பத்திரம் கொஞ்ச காலம் பெரியம்மா வீட்டு ஐஸ் கட்டித் தட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. “ஏஞ்சாமி, பத்திரத்தை எடுத்துட்டுப் போனீன்னா நான் கொஞ்சம் மீன் வெச்சுக்குவேன்” என்று அவர் கேட்கும்வரை.

போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊற விட்டால் தானே விலகும். முகம் மேலே பார்க்கும்படி வைத்து உலர்த்த வேண்டும். ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிவிட்ட போட்டோவைப் பிரிக்க முயல வேண்டாம், கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்பாருவின் ஒரே படத்தை அப்படித்தான் மீட்டோம். லேமினேஷன் செய்த சான்றிதழ்கள்தான் மோசம், சூட்டில் பிளாஸ்டிக் சுருங்கி எழுத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. பத்திரம் போனாலும் பதறத் தேவையில்லை. பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பட்டாவும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் கருகிய மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அது எரிந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அம்மா மிளகாய்ப் போசிக்குள் (பாத்திரத்துக்குள்) பணம் வைத்திருந்தார் என்பது தீப்பிடித்த பிறகுதான் அப்பாவுக்கே தெரியும். ஓரம் மட்டும் கருகின நோட்டுகளை வங்கிக் கிளையிலேயே மாற்றினோம். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், பெரிய ஒற்றைத் துண்டு 80 சதவீதப் பரப்புக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. கட்டாக ஒட்டிக் கருகி, தொட்டால் உதிர்கிற நோட்டுகளைக் கிளையில் வாங்க மாட்டார்கள். விதிப்படி அவை ரிசர்வ் வங்கியின் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், நமக்கு அது சென்னை ராஜாஜி சாலை. அதைப் பிரித்து எண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்கி, அடியில் அட்டையைச் செருகித் தூக்கி, டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் அந்த ரூமில் அள்ளிய சாம்பலை மணல் சல்லடையில் சலித்தோம். தோடு ஒன்றும் மூக்குத்தியும் கிடைத்தன. சுத்தத் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், நகைத் தங்கத்துக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. பெரும்பாலும் கருத்துத்தான் கிடக்கும், உருகியிருந்தாலும் எடை எங்கும் போகாது. முத்தும் பவளமும் மட்டும் பிழைக்கவில்லை.

இனி அம்மாவோடு நடந்த சண்டை. மூட்டையில் அரிசி, ராகி, பருப்பு, குடத்தில் நல்லெண்ணெய், ஊறுகாய்ச் சாடி எல்லாம் எரியாமல் இருந்தன. “ஏங்கண்ணு, நாலு தண்ணி கழுவிப் பொங்குனா ஆகாதா?” ஆகாது. சாக்கு, பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுக்கமில்லாத டின் எதுவும் புகையைத் தடுக்காது, புகையில் இருக்கிற நச்சு தானியத்திலும் எண்ணெயிலும் ஊறிவிடும். கழுவினால் வெளிக்கரி மட்டும்தான் போகும். மாட்டுக்காவது வைக்கலாமே என்றார், அதுவும் கூடாது. மூடித் திறக்காத டின்கூட சூடு வாங்கியிருந்தால் உள்ளே கெட்டிருக்கும். மாத்திரை, இருமல் மருந்து, தைலம் எல்லாம் குப்பைக்கு. பிறந்த பிள்ளைக்குத் தடவும் பவுடரும்தான். அரிசியைக் கொட்டுவதை அம்மா நின்று பார்க்கவில்லை, கட்டுத்தறிப் பக்கம் போய்விட்டார். அவர் கேட்டுக்கொண்ட ஒன்றை மட்டும் செய்தேன். விதைக்கு வைத்திருந்த கம்பை ஈரச்சாக்கில் முடிந்து முளைப்பு பார்த்தோம். சூடு படாத மூலையில் இருந்தது முளைத்தது, பின் ரூமில் இருந்தது ஒன்றுகூட முளைக்கவில்லை.

பாத்திரங்களில் மட்டும் அம்மாவுக்குச் சந்தோஷம், பெரும்பாலானவை தப்பின. எவர்சில்வரில் நீலமும் பொன்னிறமுமாகப் படிந்த நிறம் சூட்டால் வந்தது, கெடுதல் இல்லை, தேய்த்தால் போய்விடும். போகாவிட்டாலும் சமைக்கலாம். ஆனால் பி.வி.சி. புகை பட்ட எவர்சில்வரை அப்படியே விட்டால் குளோரைடு ஊசிக்குத்து மாதிரிப் புள்ளிபுள்ளியாக அரித்துவிடும். அதனால் முதலில் காய்ந்த துணியால் கரியை ஒற்றியெடுத்து, சலவைச்சோடாக் கரைசலில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசினோம். எங்கள் பட்டறையில் சோடா ஆஷ் என்ற பேரில் அது மூட்டைக்கணக்கில் புழங்கும், ஈரோடு, திருப்பூர்க் கடைகளில் சல்லிசாகவே கிடைக்கும். அலுமினியத்தை மட்டும் அதில் போடாதீர்கள், காரம் அதைத் தின்றுவிடும். அதற்குச் சாதாரண பாத்திரச் சோப்பே போதும்.

பித்தளையைப் புளியும் உப்பும் போட்டுத் துலக்கினால் பழைய மினுக்கம் வருகிறது. அதில் ஏமாறக்கூடாது. உள்ளே பூசிய ஈயம், அதாவது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். எங்கள் அண்டாவின் உள்ளே அது ஒரு பக்கமாக வழிந்து நின்றது. மறுபடி ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு இறங்கும். வெண்கலப் பானையைத் தூக்கிப் பிடித்து விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, சத்தம் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். குக்கரில் அடி உப்பவில்லை என்றால் கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் புதிதாகப் போட்டுப் பயன்படுத்தலாம். நான்ஸ்டிக் தவா, மெலமின் தட்டு, பிளாஸ்டிக் டப்பா, பால்குடி பாட்டில் எல்லாம் போக வேண்டியதுதான். இரும்புத் தோசைக்கல் பேருக்குக் கூடக் கெடவில்லை, தேய்த்து எண்ணெய் போட்டுப் பழக்கினால் போதும். ஆட்டுக்கல் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டதால் நடுவே விரிசல் விட்டுவிட்டது.

துணிக்கு வருகிறேன், இதில்தான் அதிகம் பாடுபட்டோம். தீயை ஏற்றிவிட்ட அதே ஆடிக்காற்றுதான் இங்கே உதவிக்கு வந்தது. தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் துணியைப் போட்டு, காற்றிலேயே கரி உதிரட்டும் என்று விட்டோம். தடித்த ஜமுக்காளத்துக்கும் பெட்ஷீட்டுக்கும் தறிக்குடோனில் பஞ்சுத்தூசி ஊதுகிற கம்ப்ரசரைப் பங்காளி கொண்டுவந்தார், வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டு, தூர நின்று ஊதினோம். வீட்டுக்குள் வைத்து ஊதினால் ஒரு ரூம் கரி மூன்று ரூமுக்குப் போகும். பொடிக்கரி உதிர்ந்தபின்தான் தண்ணீர்.

தண்ணீரிலும் சூடு வேண்டாம். வெந்நீரும் இஸ்திரியும் புகை நாற்றத்தைத் துணிக்குள் நிரந்தரமாகப் பூட்டிவிடும். எங்கள் போர்வெல் உப்புத்தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கரியும் சோப்பும் சேர்ந்து சாம்பல் நிறக் கசடாகத் துணியிலேயே உட்காரும். சலவைச்சோடாவுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது, அது அமிலத்தையும் முறிக்கும், உப்புத்தண்ணீரையும் மென்மையாக்கும். ஒரு பக்கெட் பச்சைத்தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சோடா, கொஞ்சம் சோப்புத்தூள், ராத்திரி முழுக்க ஊறல். காலையில் அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர். பட்டறையில் சாயத்துணியை நடுநிலைக்குக் கொண்டுவர அசிட்டிக் அமிலம் விடுவோம், அதே கணக்குத்தான். ஜமுக்காளத்தை வாய்க்காலில் அலசினால் சுலபம், ஆனால் கீழ்பவானியில் தண்ணீர் விடுவது ஆகஸ்ட் 15 வாக்கில்தான். தொட்டியிலேயே மிதித்தோம். பவானி ஜமுக்காளம் கெட்டி நெசவு, ஒரு தடவையில் போகாது, ஆனால் சாயம் கொஞ்சமும் விடவில்லை.

ஒரு நல்ல மனிதர் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்தார். அமிலக் கரியோடும் வினிகரோடும் அது சேர்ந்தால் குளோரின் வாயு வரும். திண்ணையில் ஓரமாக வைத்து நன்றி சொல்லி அனுப்பினோம்.

நாற்றம் போய்விட்டதா என்று அந்த வீட்டு ஆள் சொல்லக்கூடாது, அவர்களுக்கு மூக்கு பழகியிருக்கும். காய்ந்த துணியை ஒரு கவரில் போட்டு வாயைக் கட்டி, மறுநாள் வெளியூரிலிருந்து வருகிற யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் மறுபடி ஊறல்.

பட்டுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. சோடா பட்டு நூலைத் தின்னும். பீரோ வெளியே பெயிண்ட் கொப்பளித்திருந்தாலும் உள்ளே அம்மாவின் கல்யாணப் புடவை எரியவில்லை, ஆனால் பிளாஸ்டிக் கவர் உருகி முந்தானையில் ஒட்டியிருந்தது. பிய்க்காமல் அப்படியே பெட்ரோல் வாஷ் கடைக்குக் கொண்டுபோய், தீயில் பட்டது என்று சொல்லியே கொடுத்தோம். சொல்லாவிட்டால் மற்ற துணிகளோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். முந்தானை போய்விட்டது, உடல் தேறியது. ரப்பர் புகையின் கந்தகத்தில் வெள்ளிச் சரிகை கருத்ததை முழுக்க மீட்க முடியவில்லை.

கரண்ட் சாமான் எதையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று சுவிட்சைத் தட்ட வேண்டாம், கரி மின்சாரத்தைக் கடத்தும். கிரைண்டருக்குக் கல் தப்பியது, மோட்டாருக்கு மறு வைண்டிங். மிக்சி, டி.வி. பழைய இரும்புக்கு. பிரிட்ஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சுவருக்கு நீளமான முடி உள்ள பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகக் காய்ந்த கரியைத் தட்டி, வேக்குவம் கிளீனர் வாயைச் சுவரில் படாமல் பக்கத்தில் பிடித்து இழுத்தோம். உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை, ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரே பக்கமாக இழுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. ஈரத் துடைப்பு அதற்கப்புறம், அதுவும் கீழிருந்து மேலாக. மேலிருந்து துடைத்தால் வழிகிற கறுப்புத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கி நிற்கும். துடைக்க திருப்பூர் பனியன் வேஸ்ட்டை (கம்பெனிகளில் கழிக்கிற பனியன் துணியை) போல வேறில்லை, கிலோக்கணக்கில் வாங்கி, ஒருமுறை துடைத்ததைத் திரும்பப் போடாமல் எறிந்தோம். வெள்ளையடித்தால் மறையும் என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பு, எமல்ஷன் இரண்டையும் துளைத்துக்கொண்டு பழுப்புக் கறை வெளியே வரும். சுவர் நன்றாகக் காய்ந்தபின் ஆயில் பிரைமரோ ஷெல்லாக் (அரக்கு) பிரைமரோ அடித்து அதன்மேல்தான் பெயிண்ட். தார்சில் சிமெண்ட் உதிர்ந்த இடத்தில் கான்கிரீட் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடு வாங்கியிருக்கிறது என்று பொருள், இன்ஜினியர் பார்க்காமல் பூச வேண்டாம். எங்கள் சமையலறையில் பிரிட்ஜுக்கு மேலே ஒரு வட்டம் அப்படி இருந்தது. அவர் தட்டிப் பார்த்து, கம்பி தெரியும்வரை கொத்தி, புதிதாகப் பூசச் சொன்னார்.

கடைசிவரை படுத்தியது நாற்றம்தான். சாம்பிராணி போடு, வேப்பிலை போடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். புகை நாற்றத்துக்கு இன்னொரு புகை மருந்தாகாது. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிக்கிற ஆலைகள் இருக்கின்றன. அதை வாங்கிப் பழைய வேட்டித் துணியில் முடிந்து பீரோவிலும் அட்டாலியிலும் (பரணிலும்) வைத்தது உண்மையாகவே வேலை செய்தது. நீராவியில் சூடேற்றியதால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம், அடுப்புக்கரிக்கு அந்த இழுப்பு கிடையாது. அப்படியும் ஐப்பசி மழை பிடித்ததும் ஆசாரத்தில் மறுபடி நாறியது. சுவரை மோந்தோம், கதவை மோந்தோம், கிடைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றியபோது உள்ளே கரி அடைந்து கிடந்தது. ஃபேன் கிண்ணத்துக்குள், ஜன்னல் திரை மாட்டும் குழாய்க்குள், வயர் போகிற பைப்புக்குள் எல்லாம் புகை போய் உட்கார்ந்திருந்தது. வயரை உருவிப் போட்டு, பைப்பைத் துணி கட்டி இழுத்துத் துடைத்து, புது வயர் மாட்டினோம். மார்கழியில் வந்த அத்தை ஆசாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, அந்த ஒரு முழச் சுவரை மட்டும் பார்க்காமல் கிளம்பிப் போனார்.